வண்ணாரப்பேட்டை மாடியில் எட்டு சனிக்கிழமை: ஒரு வரலாற்று வகுப்பும் ஒரு பழைய குட்ஸ் கிளார்க்கும்

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்கு வரலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு விடுவார்கள். மொத்தம் எட்டு வகுப்பு. கட்டணம் 1200 ரூபாய். டீயும் நோட்ஸும் அதிலேயே அடக்கம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக நடத்தும் உலக வரலாற்று வகுப்பு. இந்த முறை அமெரிக்கா. ஆர்வம் இருந்தால் பெரியவர்களும் வரலாம் என்று கீழே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் எழுதப்போகிறேன், நடத்துகிறவர்கள் என் மகன் வயதுக்கும் கீழே; பெயர் போட்டு அடிக்க மனசு வரவில்லை.

நான் ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திச் சொச்சம் வருஷம் வேகன், எடை, ஆர்.ஆர். என்கிற சரக்கு ரசீது, வேகனைக் காலி பண்ணத் தாமதித்தால் போடுகிற டெமரேஜ் என்றே ஓடியது. ராயபுரம், சால்ட் கோட்டர்ஸ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வடசென்னையைத் தாண்டி அதிகம் போனதில்லை. ஓய்வுக்கு அப்புறம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து செய்தி வாசிப்பவரோடு நான் சண்டை போடுவதைப் பார்த்துச் சலித்துப்போன வீட்டம்மாதான் அந்த நோட்டீஸைக் காட்டினாள். “அங்க போய்ச் சண்டை போடுங்க” என்றாள்.

முதல் நாள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்துப் பையன், “என்ன தாத்தா, நீங்களும் குரூப் ஒன் எழுதப்போறீங்களா?” என்று கேட்டான். “எழுதி பாஸ் பண்ணினாலும் போஸ்டிங் வர்றதுக்குள்ள நான் போஸ்ட் ஆயிடுவேன்டா” என்றேன். அதிலிருந்து எட்டு வாரமும் எனக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலியைப் பிடித்துவைத்தது அவன்தான்.

முதல் நான்கு வாரம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுதந்திரப் போர், அரசியலமைப்பு, உள்நாட்டுப் போர் எல்லாம் தேர்வுக் கைடில் இருக்கிற மாதிரியே ஓடியது. டீச்சருக்கும் அதில் பெரிய ஈடுபாடு இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முப்பது வயது இருக்கலாம். குரல் சின்னது, ஆனால் தெளிவாகப் பேசுவார். நான் எழுத வந்தது ஐந்தாவது வாரத்திலிருந்து நடந்ததைப் பற்றித்தான். அன்றைக்குத்தான் பழைய அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பாடத்துக்குள் வந்தார்.

வந்த விதமே கோளாறு. அன்றைக்குக் கொடுத்த நோட்ஸின் அட்டையில் பெரிதாக ஒரு படம்: வாயில் சிகரெட் ஹோல்டர், சிரித்த முகம். அது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜனாதிபதி, இவருக்குத் தூரத்துச் சொந்தம். தியோடருக்குத் தடித்த மீசை, மூக்கில் கவ்விய கண்ணாடி. ஜெராக்ஸ் கடைப் பையன் இணையத்தில் தேடி முதலில் வந்த படத்தைப் போட்டிருப்பான் போல. நான் எழுந்து சொன்னேன். டீச்சர் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஐயோ, ஐயா, ஐம்பது காப்பி போட்டாச்சே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் மீசையை எல்லாரும் பேனாவில் வரைந்துகொள்ளலாம் என்றார். வரைந்தோம். பதினோராம் பக்கத்திலும் ஒரு தப்பு இருக்கிறது: கம்பெனிகளின் வியாபார முறையைக் கண்காணிக்கிற ஃபெடரல் டிரேட் கமிஷனைத் தியோடர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அது 1914ல் உட்ரோ வில்சன் காலத்தில் வந்தது. இவர் வைத்த விதையிலிருந்து முளைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கு வருகிறேன். தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் இது சின்னத் தப்பு இல்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856. இந்த ஆள் பிறந்தது 1858. நான் வேலை பார்த்த கட்டடத்தைவிட இரண்டு வயது இளையவர் என்று நினைத்ததும் எனக்கு ஆளோடு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் துணை ஜனாதிபதியாக இருந்த இவர் ஜனாதிபதி ஆகிறார். வயது 42. அந்த நாட்டில் அத்தனை சின்ன வயதில் அந்தப் பதவிக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ரயில் என்றால் தனியார். நம் ஊர் மாதிரி ஒரே ரயில்வே, ஒரே டாரிஃப் புத்தகம், அதாவது ஒரே கட்டணப் பட்டியல் என்று கிடையாது. வடமேற்கில் போட்டியாக ஓடிக்கொண்டிருந்த பெரிய ரயில் கம்பெனிகளை ஒரே குடைக்குள் கொண்டுவர நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்று ஒரு கம்பெனியை வங்கி முதலாளி ஜே.பி. மார்கனும் ரயில் முதலாளிகள் ஜேம்ஸ் ஹில்லும் ஹாரிமனும் சேர்ந்து கட்டினார்கள். 1902ல் ரூஸ்வெல்ட் அரசு அதன்மேல் வழக்குப் போட்டது. மார்கன் நேராக வெள்ளை மாளிகைக்கே வந்து, நாங்கள் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், பேசிச் சரிபண்ணிக்கொள்வார்கள் என்கிற மாதிரி சொன்னாராம். இதை டீச்சர் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குட்ஸ் ஷெட்டில் உட்கார்ந்த யாருக்கும் இந்த வசனம் புதிது இல்லை. ஜனாதிபதியை இன்னொரு கம்பெனி முதலாளியாக நினைத்துப் பேசியிருக்கிறார் மனிதர். 1904ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொல்லி அந்தக் கம்பெனியைக் கலைக்கச் சொன்னது. அதற்குப் பயன்பட்ட, போட்டியை ஒழிக்கிற கூட்டுகளைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் 1890லிருந்தே இருந்தது. இந்த அளவுக்கு யாரும் வீசிப் பார்க்கவில்லை.

கைடு புத்தகமாக இருந்தால் இங்கே ‘டிரஸ்ட்டுகளை உடைத்தவர்’ என்று ஒரு வரி போட்டு அடுத்த பக்கம் போய்விடும். டிரஸ்ட் என்றால் இங்கே அறக்கட்டளை இல்லை, போட்டியே இல்லாமல் ஒன்றுசேர்ந்த பெரிய கம்பெனிக் கூட்டு. டீச்சர் போகவில்லை. அதற்குத்தான் இந்த வகுப்புக்கு நான் மதிப்பெண் போடுகிறேன். உடைத்ததைவிட அவர் கட்டியதுதான் முக்கியம் என்று சொல்லி, போர்டில் ஒரு கோடு போட்டு, எந்தச் சட்டம் எந்த அலுவலகத்துக்கு என்ன அதிகாரம் கொடுத்தது என்று எழுத ஆரம்பித்தார்.

முதலில் எழுதியது ஐ.சி.சி. பின் பெஞ்சிலிருந்து, “கிரிக்கெட்டா மேடம்?” என்று ஒரு குரல். இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ரயில்களின் கட்டணத்தைக் கண்காணிக்க 1887லேயே வைத்த கமிஷன். பெயர் இருந்தது, நாற்காலி இருந்தது, பல் இல்லை. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமே உங்களுக்குக் கிடையாது என்று 1897ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1905 வரைக்கும் உச்ச நீதிமன்றம் போன 16 வழக்கில் 15ல் ரயில் கம்பெனிகளே ஜெயித்தன. எந்த உத்தரவு போட்டாலும் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போவான். வழக்கு முடியும் வரை பழைய கட்டணத்தையே வாங்குவான்.

இங்கே ‘ரிபேட்’ என்கிற வார்த்தை வந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தள்ளுபடி என்றால் நல்லதுதானே, எம்.சி. ரோட்டில் ஆடிக்கு எல்லாக் கடையிலும் தருகிறார்களே என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். ஒரே ஊரிலிருந்து இரண்டு எண்ணெய் வியாபாரி நூறு நூறு பீப்பாய் அனுப்புகிறார்கள். டாரிஃப் புத்தகத்தில் பீப்பாய்க்கு ஒரு ரூபாய் என்று இருக்கிறது. இரண்டு பேரும் நூறு ரூபாய் கட்டி ரசீது வாங்குகிறார்கள். ராத்திரி ஒருத்தன் வீட்டுக்கு மட்டும் நாற்பது ரூபாய் திரும்பி வருகிறது. புத்தகத்தில் அது இல்லை. மறுநாள் அவன் எண்ணெயை மலிவாக விற்கிறான், அடுத்தவன் ஆறு மாசத்தில் கடையைச் சாத்துகிறான். “ஆடித் தள்ளுபடி போர்டில் எழுதியிருக்கும், யார் போனாலும் கிடைக்கும். இது ஒருத்தனுக்கு மட்டும், இருட்டில்.” டீச்சர் அதோடு ஒன்று சேர்த்தார்: சில சமயம் போட்டிக்காரன் கட்டிய கட்டணத்திலிருந்தே ஒரு பங்கு அந்தப் பெரிய ஆளுக்குப் போயிருக்கிறது. வகுப்பு அமைதியாகிவிட்டது. “அவன் காசையே எடுத்து அவனை அடிக்கிறதா?” என்றான் என் பக்கத்துப் பையன். அதேதான்.

1903ல் வந்த எல்கின்ஸ் சட்டம் ரிபேட் கொடுக்கிற கம்பெனியோடு வாங்குகிற வியாபாரியையும் குற்றவாளி ஆக்கியது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. எந்த ஷெட் என்று சொல்லமாட்டேன். ஒரு பார்ட்டி எடையைக் குறைத்துப் போட்டு ஆர்.ஆர். எழுதித் தரச் சொல்லி, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தான். அடித்தட்டில் கவர். நான் பாக்ஸோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில், “கவரைக் கொடுத்தீங்க சரி, ஸ்வீட்டை எதுக்குக் கொடுத்தீங்க” என்று ஒரு வாரம் பேச்சு. அந்தப் பார்ட்டி அடுத்த வாரமும் சிரித்துக்கொண்டே வந்தான். மாட்டினால் என் வேலைதான் போகும், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்கிற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கட்டுகிற சட்டம் என்றால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தின்படி 1907ல் ஸ்டாண்டர்டு ஆயில் என்கிற பெரிய எண்ணெய் நிறுவனத்தின் இந்தியானா கம்பெனிக்கு ஒரு நீதிபதி போட்ட அபராதம் 2 கோடியே 92 லட்சம் டாலருக்கு மேல். பையன்கள் விசில் அடித்தார்கள். அடுத்த வருஷமே அப்பீலில் அது ரத்தானது. விசில் அடித்தவர்கள் இப்போது உச்சுக் கொட்டினார்கள்.

உண்மையான திருப்பம் 1906 ஜூன் 29. ஹெப்பர்ன் சட்டம். டீச்சர் இதை வரி வரியாகப் பிரித்தார். நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல பாடம். கமிஷன் உறுப்பினர் ஐந்திலிருந்து ஏழு. வியாபாரி புகார் கொடுத்தால் நியாயமான உச்சக் கட்டணம் இது என்று கமிஷனே நிர்ணயிக்கலாம். உத்தரவு போட்டு முப்பது நாளில் அமலுக்கு வரும். பிடிக்காவிட்டால் ரயில் கம்பெனிதான் கோர்ட்டுக்கு ஓட வேண்டும். எண்ணெய்க் குழாய், எக்ஸ்பிரஸ் பார்சல், தூங்கும் பெட்டி எல்லாம் கமிஷன் கண்ணுக்குக் கீழே வந்தன. வேண்டப்பட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஓசிப் பாஸுக்குத் தடை. அப்புறம், எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரிதான் கணக்கு எழுத வேண்டும், கமிஷன் ஆள் வந்தால் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

பிள்ளைகள் கட்டண அதிகாரத்தைத்தான் அடிக்கோடு போட்டார்கள். நான் கடைசி வரியைப் போட்டேன். கணக்கு ஒரே மாதிரி இல்லை என்றால் எவனையும் பிடிக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய கிளார்க் ரிஜிஸ்டரைத் தனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதிவைத்திருந்தார். பச்சை மையில் புள்ளி, சிவப்பில் பெருக்கல் குறி. அவர் லீவு போட்டால் ஆடிட்டர் வெறும் கையோடு திரும்புவார். அதற்காகத்தான் அவர் லீவே போட்டார். அந்த மனிதரை நாடு முழுக்கப் பரப்பி, அவர் பின்னால் மார்கனை உட்காரவைத்துப் பாருங்கள்; ஹெப்பர்ன் சட்டம் எதற்கு என்று புரியும்.

நம்மிடமும் சரக்குக் கட்டணப் புகாரைக் கேட்க ரயில்வே ரேட்ஸ் டிரிப்யூனல் என்று ஒன்று 1949லிருந்து இதே சென்னையில் இருந்தது, பிறகு வேறு டிரிப்யூனலோடு சேர்த்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். ஒருத்தர்கூட கேள்விப்பட்டதில்லை. டீச்சர் குறித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் வர்த்தகத் துறை. 1903 பிப்ரவரியில் வணிகத்துக்கும் தொழிலாளருக்கும் சேர்த்து ஒரு புதுத் துறை, அதற்குள் பீரோ ஆஃப் கார்ப்பரேஷன்ஸ். வடசென்னைக்காரனுக்கு கார்ப்பரேஷன் என்றால் ரிப்பன் மாளிகைதான். இங்கே பெரிய கம்பெனி என்று அர்த்தம். அதன் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, சுட்டுக் கொல்லப்பட்ட இன்னொரு ஜனாதிபதியின் மகன். இந்த பீரோவுக்கு தண்டிக்கிற அதிகாரம் இல்லை. தோண்டி எடுத்து ஜனாதிபதியிடம் கொடுக்கிற வேலை மட்டும். ஆனால் 1906ல் இவர்கள் ஸ்டாண்டர்டு ஆயிலின் ரகசியக் கட்டணங்களைத் தோண்டி அறிக்கை கொடுத்தார்கள், அரசு வழக்குப் போட்டது, 1911ல் உச்ச நீதிமன்றம் அந்த யானையை 34 துண்டாக்கியது. நான் மேலே சொன்ன விதை இதுதான்: இந்த பீரோவைத்தான் பிற்பாடு ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குள் கரைத்தார்கள்.

இங்கே நான் டீச்சரோடு மோதினேன். வீட்டம்மா ஆசை நிறைவேறியது. ரூஸ்வெல்ட் பெரிய கம்பெனிகளுக்கு எதிரி என்கிற தொனி பாடத்தில் இருந்தது. அவரோ நல்ல டிரஸ்ட், கெட்ட டிரஸ்ட் என்று பிரித்துப் பார்த்தவர். 1907ல் பணச் சந்தை ஆடியபோது யு.எஸ். ஸ்டீல் ஒரு போட்டி இரும்புக் கம்பெனியை வாங்கிக்கொள்ள வழிவிட்டதும் அவரேதான். அவருக்குப் பின்னால் வந்த டாஃப்ட் நாலே வருஷத்தில் இவரைவிட அதிக வழக்குப் போட்டார். எந்தக் கம்பெனி நல்லது என்று ஒரு ஆள் முடிவு பண்ணுவது என்றால், அந்த ஆள் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்து, “அதனாலதான் ஐயா அவர் ஆபீஸ் ஆபீஸா கட்டிட்டுப் போனார்” என்றார். பதில் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆனால் மழுப்பவில்லை, நின்று பதில் சொன்னார்; அந்தக் காலத்தில் எனக்கு வாய்த்த வாத்தியார்கள் உட்காருடா என்றிருப்பார்கள்.

ஒரு குறை. 1905ல் இவர் கீப் என்பவர் தலைமையில் அரசு அலுவலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஒரு குழு போட்டார். காகிதம் எப்படி நகர்கிறது, கணக்கு எப்படி எழுதுகிறார்கள், பொருள் எப்படி வாங்குகிறார்கள் என்று துறை துறையாக ஆராய்ந்த குழு. என் மாதிரி ஆளுக்கு அது விருந்து. டீச்சர் இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிட்டார். தேர்வில் கேட்கமாட்டார்களாம். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தமும் அப்படித்தான் ஓடியது.

அதே நாள் கடைசி முக்கால் மணி நேரம் இறைச்சி. டீ வந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார், அது ஒன்று சரியில்லை. சிகாகோ இறைச்சிக் கூடங்களில் இருந்த அசிங்கத்தை ஒரு நாவல் வெளியே கொண்டுவந்து, ஊரே கொதித்து, ரூஸ்வெல்ட் ஆள் அனுப்பி விசாரித்து, 1906 ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் கலப்பட உணவு, மருந்துச் சட்டத்திலும் ஒரே நாளில் கையெழுத்து. ஹெப்பர்ன் சட்டத்துக்கு மறுநாள். ஹார்வி வைலி என்கிற அரசு வேதியியலாளர் இளைஞர்களைக் கூட்டி உட்காரவைத்து, போராக்ஸ் மாதிரி பதப்படுத்தும் சரக்குகளைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து உடம்பு என்ன ஆகிறது என்று 1902லிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் தெரிந்தேதான் சாப்பிட்டார்கள். சமோசாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான் பக்கத்துப் பையன்.

அந்தப் பையனுடைய அப்பா புளியந்தோப்பில் கறிக்கடை வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் விடியற்காலை அப்பாவோடு ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்குப் போனதையும், டாக்டர் பார்த்து முடித்ததும் தொடையில் கார்ப்பரேஷன் முத்திரை குத்துவதையும் சொன்னான். மை காய்வதற்குள் தூக்கினால் சட்டையில் ஒட்டிக்கொள்ளுமாம், அம்மா துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகாதாம். “அமெரிக்காவிலும் அதேதான், பரிசோதித்துத் தேறியது என்று முத்திரை” என்றார் டீச்சர். அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: “டாக்டருக்குச் சம்பளம் யார் மேடம் தருவாங்க? கம்பெனியா, கவர்மென்ட்டா?” அதில்தான் அங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கம்பெனிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம் என்பது முதல் யோசனை. கடைசியில் அரசு கஜானாவிலிருந்தே வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் என்று முடிந்தது. டப்பாவில் அடைத்த தேதியைப் போட வேண்டும் என்ற ஷரத்தைக் கம்பெனிகளுக்காக விட்டுக்கொடுத்தார்கள். நம்முடைய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, சரியாக நூறு வருஷம் கழித்து. அன்றைக்குச் சமோசாப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செய்தித்தாளில் சுற்றியிருந்தது; நம்பரும் இல்லை, தேதியும் இல்லை. நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஏழாவது வாரம் காடு. இந்த ஒரு வகுப்புக்கே 1200 கொடுக்கலாம், கோபமும் இந்த வகுப்பின்மேல்தான்.

டீச்சர் நாற்காலியையெல்லாம் ஓரம் தள்ளச் சொல்லி, தரையில் அமெரிக்க வரைபடத்தை விரித்தார். நாலு மூலைக்கும் டீ டம்ளர் வைத்தாயிற்று. காடெல்லாம் உள்துறையின் நில அலுவலகத்திடம் இருந்தது, மரம் தெரிந்த ஆட்களோ விவசாயத் துறையில் இருந்தார்கள் என்று ஆரம்பித்தார். வேகன் ஒரு ஷெட்டில், ஆர்.ஆர். புத்தகம் இன்னொரு ஷெட்டில். 1905 பிப்ரவரியில் காட்டைத் தூக்கி விவசாயத் துறைக்குக் கொடுத்து ஃபாரஸ்ட் சர்வீஸ் என்று பெயர் வைத்து, கிஃபோர்ட் பிஞ்சோவை அதற்குத் தலைவராக்கினார்கள். ஆடு மாடு மேய்க்கக் கட்டணம், மரம் வெட்ட அனுமதி என்று எல்லாவற்றுக்கும் விதி. மேற்கே இருந்த மரவியாபாரிகளும் பண்ணைக்காரர்களும் சும்மா இருப்பார்களா? 1907ல் ஓரிகன் செனட்டர் ஃபுல்டன், விவசாயத் துறைக்குப் பணம் ஒதுக்குகிற மசோதாவிலேயே ஒரு வரியைச் சொருகினார்: வடமேற்கில் ஆறு மாநிலங்களில் இனிமேல் காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், சொல்லாமல் புதுக் காடு அறிவிக்கக் கூடாது. மசோதாவை நிராகரித்தால் துறைக்குப் பணம் இல்லை. கையெழுத்துப் போட்டால் காடு இல்லை. கையெழுத்துக்கு மார்ச் 4 வரை நேரம்.

இங்கே டீச்சர் வரைபடத்தின் மேலேயே மண்டியிட்டுவிட்டார். பிஞ்சோவின் ஆட்கள் ராப்பகலாக உட்கார்ந்து எல்லை வரைந்து, பிரகடனம் எழுதி எழுதி அனுப்ப, ரூஸ்வெல்ட் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார் என்று சொல்லி, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, வயோமிங், கொலராடோ என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மொத்தம் 1 கோடியே 60 லட்சம் ஏக்கர். அதை முடித்துவிட்டு, தன் கையைக் கட்டும் அந்த மசோதாவிலும் கையெழுத்து. “தமிழ்நாட்டில் பாதி” என்றேன் மனக்கணக்குப் போட்டு. ஆட்சிக் காலம் முழுக்கச் சேர்த்தால் அவர் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த நிலம் சுமார் 23 கோடி ஏக்கர், ஏழு தமிழ்நாடு. அதில் 150 தேசியக் காடு, 51 பறவைச் சரணாலயம், 18 தேசிய நினைவிடம். முதல் பறவைச் சரணாலயம் 1903ல் புளோரிடாவில் பெலிக்கன் தீவு. பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று பறவைகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலம். 1906ல் வந்த தொல்பொருள் சட்டத்தை வைத்து 1908ல் கிராண்ட் கேன்யனையே நினைவிடம் என்று அறிவித்தார்.

இதெல்லாம் அற்புதம். அப்புறம் முன்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பெண் வரைபடத்தைக் காட்டி, “இந்தப் பச்சைக்குள்ள ஏற்கெனவே இருந்தவங்க எங்க போனாங்க மேடம்?” என்று கேட்டாள். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம். பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலிருந்தும் காட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வேட்டையாடின இடத்தில் அவர்களே அத்துமீறியவர்கள் ஆனார்கள் என்று டீச்சர் சுருக்கமாகச் சொல்லி, மணியைப் பார்த்தார். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் 1902ன் நீர்ப்பாசனச் சட்டத்தையும், அதை நடத்த வந்த ரிக்ளமேஷன் சர்வீஸையும், 1911ல் முடிந்த ரூஸ்வெல்ட் அணையையும், கலிஃபோர்னியாவின் ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டலாமா என்று பிஞ்சோவும் இயற்கை ஆர்வலர் ஜான் மியூரும் எதிரெதிராக நின்றதையும் அடைத்துவிட்டார். அடுத்த வாரம் முதல் உலகப் போர். அந்தப் பெண்ணின் கேள்வி வரைபடத்தோடு சேர்த்து மடிக்கப்பட்டது.

படியிறங்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அவள் பாட்டி கையால் தடவி இறால் பிடித்தவர். சாம்பல் படிந்த சேற்றில் இப்போது கை வைத்தால் என்ன வருகிறது என்று அவளே சொன்னாள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்ததையும் சொன்னாள். “பேருக்கு எல்லா ஆபீஸும் இருக்கு தாத்தா. யார் புக்கைத் திறந்து பாக்கறது?” என்றாள். ஹெப்பர்ன் சட்டத்தில் அவளும் கடைசி வரியைத்தான் அடிக்கோடு போட்டிருக்கிறாள் போல.

நடத்துகிறவர்களுக்கு: வரலாற்றை இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்டுக்கு மூன்று வாரம், அதில் காட்டுக்கு ஒன்றே ஒன்று என்பது அநியாயம். முதல் நான்கு வாரத்தை இரண்டாகச் சுருக்குங்கள்.

மற்றபடி வசதி: மின்விசிறி மூன்று, அதில் கரகரவென்று சத்தம் போடாதது ஒன்று, அதற்குக் கீழேதான் என் நாற்காலி. கழிப்பறை தரைத் தளத்தில், சாவி ஜெராக்ஸ் கடையில். முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டீ நன்றாக இருக்கும், இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். வண்டி நிறுத்த இடமே கிடையாது. பண்டிகைச் சீசனில் எம்.சி. ரோட்டுக் கூட்டத்தைத் தாண்டி வர அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தை நோட்ஸ் தின்றுவிட்டது, ஒன்றை ஏழாவது வாரம்.

கடைசி நாள் என் பழைய டாரிஃப் புத்தகத்தை எடுத்துப்போய் டீச்சரிடம் கொடுத்தேன். அட்டை கிழிந்தது, உள்ளே திருத்தச் சீட்டு ஒட்டி ஒட்டி இரண்டு பங்கு தடித்திருக்கும். புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பேட்சில் ரிபேட் பாடத்துக்கு என்னையே வந்து எடுக்கச் சொன்னார். கட்டணம் வேண்டாமாம். அட்டைப் படத்தை மாற்றினால் வருகிறேன் என்றிருக்கிறேன்.